கேத்தியிலிருந்து அண்ணனுக்கு

கேத்தி, நீலகிரி
1976 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.

இலங்கையிலிருந்து உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கிழங்கு எடுக்கும் காலம். ராத்திரி விளக்கேற்றி உட்காரத் தெம்பில்லை. இன்று விடிந்ததிலிருந்து மழை கொட்டுகிறது, தோட்டத்தில் கால் வைக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தியாவில் இறங்கியதும் நிலம் கொடுக்கிறார்கள் என்று அங்கே தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சொன்னவர், கப்பலில் வந்தவர்களைத் தங்க வைக்கும் மண்டபம் முகாமைக் கண்ணால் கண்டவராக இருக்க மாட்டார். எங்கள் குடும்ப அட்டையில், எங்களுக்குக் கிடைக்கும் உதவி வியாபாரக் கடன் என்று எழுதியிருந்தது. கொழுந்து எடுத்தவளுக்கும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவருக்கும் என்ன வியாபாரம் தெரியும்? கடன் கைக்கு வருவதற்குள் தரகர்கள் பாதியைத் தின்றார்கள். மீதியைக் கீழ்நாட்டு வெயிலில் நாங்கள் தின்று தீர்த்துவிட்டு இந்த மலைக்கு ஏறி வந்தோம். இலங்கையிலிருந்து திரும்பிய நம்மவர்களுக்காக 1968இல் அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டம் கோத்தகிரி, கூடலூர் பக்கமெல்லாம் இருக்கிறது, உண்மைதான். கப்பலில் வந்த அத்தனை பேருக்கும் அதில் இடமில்லை. மிச்சப்பட்டவர்களில் நாங்களும் உண்டு. காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை.

தோட்டக்காரர் இந்த மலையின் படுகர் இனத்தவர், வயதானவர். கவுடர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். இரண்டு ஏக்கருக்குச் சற்று அதிகம், அதுவும் படிப்படியாக வெட்டிய சரிவு. மேலே ஊட்டி ரயில் போகும் சத்தம் கேட்கும். உருளை, கேரட், முட்டைக்கோஸ், ஓரத்தில் பூண்டு. இந்த வருடம் கார்போகத்து உருளை பிந்திவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று ஓடினோம். மழை எங்களை முந்திக்கொண்டது.

கிழங்கு எடுப்பதைப் பற்றி அண்ணி கேட்டிருந்தார். செடி பழுத்ததும் தழையை அறுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். தோல் முற்றுவதற்காக. அவசரப்பட்டுத் தோண்டிய கிழங்கைப் பெருவிரலால் தேய்த்தால் தோல் சுருண்டு வந்துவிடும். அது சாக்குக்குள் தாக்குப்பிடிக்காது. ஆண்கள் கிழங்கு தோண்டும் இரும்பு முள்ளால் மேட்டுப் பாரின் பக்கவாட்டில் குத்திப் புரட்டுகிறார்கள், நேராகக் குத்தினால் கிழங்கு முள்ளோடு வரும். பின்னாலேயே நாங்கள் குந்தியபடி நகர்ந்து பொறுக்க வேண்டும். நின்றுகொண்டே கொழுந்து கிள்ளிய உடம்பு அண்ணி, முதல் போகத்தில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. பெரியது, நடுத்தரம், பொடி என்று மூன்று குவியல். முள் பட்டது தனி. வெயில் பட்டுப் பச்சை பாய்ந்ததும் தனி, அதைத் தின்னக் கூடாது. இந்தப் பிரிப்பில் கவுடரின் மனைவிக்கு இணை யாருமில்லை. பார்ப்பதுகூட இல்லை, பேசிக்கொண்டே கையால் எடை பார்த்து வீசுவார். மத்தியானம் களியும், அவரையும் உருளையும் போட்ட குழம்பும் அவர் கையால்தான். உறைப்பு மட்டும் நமக்குப் போதாது.

அண்ணா, நுவரெலியாப் பக்கம் உருளை போட்டவர்கள் மாடி வீடு கட்டிவிட்டார்கள், கப்பலில் வருகிறவர்களிடம் ஊட்டி விதைக்கிழங்கு கொஞ்சம் கொடுத்தனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த மண்ணில் நூற்புழு இருக்கிறது. 1961இல்தான் அது இங்கே இருப்பதைக் கண்டுபிடித்தார்களாம். பூக்கிற சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கிக் கவுடர் எனக்குக் காட்டினார்: வேர் நெடுக, கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகள், பார்க்க அழகாகவே இருக்கின்றன. அத்தனையும் புழு. மஞ்சள் மணி பழுப்பாகி மண்ணில் விழுந்தால் உள்ளே முட்டைகள் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால்தான் உருளை எடுத்த பாத்தியில் அடுத்து கோஸோ கேரட்டோ போடுகிறார்கள். உருளையும் அதன் சாதிப் பயிர்களும் இல்லாவிட்டால் புழுவுக்குத் தீனி இல்லை. இங்கிருந்து விதைக்கிழங்கை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகவே தடை இருக்கிறது. கடல் தாண்டி நான் அனுப்புவதா? ஒரு கிழங்கில் ஒட்டிய மண் போதும், நுவரெலியா முழுவதும் நம் பெயரைச் சொல்லித் திட்டும்.

விலைக்கு வருகிறேன். தேயிலையில் றாத்தல் கணக்கில் கொழுந்தை நிறுத்தார்கள், கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டார், அத்தோடு சரி. நம் தோட்டத்துத் தூள் கொழும்பு ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று அப்பா சாகும்வரை அறியவில்லை. கேட்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது. இங்கே மாலையில் மூட்டை தைத்து லாரியில் ஏற்றினால், விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கிவிடும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மண்டியிலிருந்து கணக்குச் சீட்டு வந்து சேரும். கவுடர் கண்ணாடி மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மூட்டைக்கு இவ்வளவு, அதில் லாரி வாடகை, இறக்குக்கூலி, சாக்கு, கமிஷன் போக மிச்சம் இவ்வளவு. கேட்டுக்கொண்டு நாங்களும் நிற்போம். விலை சரிந்திருந்தால் சனிக்கிழமைக் கூலி புதன்கிழமைக்குத் தள்ளிப்போகும், யாரும் வாய் திறப்பதில்லை. சீட்டில் இருப்பது பொய் என்று கவுடருக்கே சில சமயம் சந்தேகம். ஆனால் மேட்டுப்பாளையம் போய்ச் சண்டை போட அவருக்கு வயதில்லை. அங்கே காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் காரணம் சொல்லாமல் அரைப்பேர் என்று அரை நாள் கூலி போட்டதற்கு இது எவ்வளவோ மேல் என்று நான் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் அடுப்பு எரியுமா என்கிறார் உங்கள் மச்சான். அவர் சொல்வதும் சரிதான்.

எடுத்து முடித்த பாத்தியில் கைக்குத் தப்பிய தப்புக் கிழங்கு நமக்கு. இந்த மழையில் மண் கரைந்து நிறைய வெளியே தெரியும் என்று பிள்ளைகள் காலையிலிருந்து வாசலில் சாக்கோடு நிற்கிறார்கள்.

வருவதென்று முடிவு செய்தால் மார்கழி, தையில் வராதீர்கள். ஊட்டி 7,300 அடி, நுவரெலியாவைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரம். அந்த மாதங்களில் பள்ளத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், வேலையும் குறைவு. பங்குனியில் வந்தால் விதைப்புக்கு ஆள் தேடுவார்கள், கவுடரிடம் சொல்லி வைக்கிறேன். தோட்டத்தில் கொடுத்த கம்பளி எத்தனை இருந்தாலும் விற்றுவிடாமல் கொண்டுவாருங்கள். முக்கியமாக, கூலியில் பிடித்த சேமலாப நிதிப் பணத்துக்கான வேலையை முடிக்காமல் கப்பல் ஏற வேண்டாம். இங்கே வந்தபின் அதற்காக எழுதி எழுதி ஓய்ந்தவர்கள் எங்கள் வரிசையிலேயே இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். அம்மாவின் பெயர் உங்கள் அட்டையில் இருக்கிறதா, தனி அட்டையா என்பதை அடுத்த கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை