வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள்: மலைக்கு பைக் பயணம் கூட்டி வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பைக் பயணக் குழுக்களை நடத்துகிற நண்பர்களுக்கு, வணக்கம்.

நான் கொடைக்கானல் மலையில் இருக்கிற மன்னவனூர்க்காரன். கேரட்டும் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூம்பாறைக்கு மேலே என்ன நடந்தது என்று உங்களில் ஒரு குழுவுக்கு நன்றாகவே தெரியும். பேர் சொல்லி யாரையும் இழுக்கப் போவதில்லை. மற்றவர்களும் அதையேதான் செய்கிறீர்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

அன்று காலை அம்மாவுக்கு மூச்சுத் திணறல். பழைய வியாதிதான், குளிர் கூடினால் கூடும், ஆனால் அன்றைக்கு இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஜீப்பை எடுத்தார். இப்படி அவசரம் என்றால் எங்களுக்குக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிதான், அதற்கு இருப்பது இந்த ஒரே ரோடுதான். பூம்பாறை தாண்டி ஏற்றத்தில் ஏறினால் ஒரு வளைவு முழுக்க உங்கள் வண்டிகள். பதினெட்டு. உள்பக்கம் பாதி, வெளிப்பக்கம் பாதி, படத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்று சாய்த்து வரிசையாக நிறுத்தி, ஹேண்டிலைப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் சரிவில் இறங்கிவிட்டிருந்தார்கள். மேலே டிரோன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹாரன் அடித்தோம். கீழேயிருந்து கை ஆட்டினார்கள். மறுபடி அடித்தோம். ஒரு தம்பி மட்டும் ஏறி வந்து, "ரெண்டு நிமிஷம் ப்ரோ, ஷாட் முடிஞ்சிரும்" என்றான்.

ஹேண்டில் பூட்டிய வண்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? நேராகப் போகாது, வட்டமடித்து நம் கால் மேலேயே வரும். பின் சக்கரத்தைத் தூக்கித் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். அண்ணனும் நானும் அப்படி மூன்று வண்டிகளை நகர்த்தினோம், ஒவ்வொன்றும் இருநூறு கிலோவுக்குக் குறையாது. நாலாவதைத் தூக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து எதிரே இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கியது. நகம் நீலம் பாரித்திருந்தது. என்னையும் பார்க்கவில்லை, உங்கள் வண்டிகளையும் பார்க்கவில்லை, கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த முருகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தம்பி கிட்டே வந்து அம்மாவைப் பார்த்தபிறகு அலறியடித்துக்கொண்டு ஓடினான், எல்லோரையும் கூப்பிட்டான், அதன்பிறகு ஒரு நிமிடத்தில் வழி கிடைத்தது. அதை நான் மறைக்கவில்லை. கெட்ட பிள்ளைகள் இல்லை அவர்கள். ஆனால் அதற்குள் பதினேழு நிமிடம் போய்விட்டது. அம்மா பிழைத்தார், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏன் இவ்வளவு நேரம் கழித்துக் கொண்டுவந்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

அந்த வளைவிலிருந்து கொஞ்சம் மேலே போனாலே பூம்பாறை ஊர் முழுக்கத் தெரிகிற இடம் இருக்கிறது. படிக்கட்டு மாதிரி வயல், நடுவில் ஊர், எல்லாம் அங்கிருந்தே படத்தில் வரும். வண்டி ஒதுக்கவும் அங்கே இடம் உண்டு. அங்கே நிறுத்தியிருக்கலாம்.

நானும் பைக் ஓட்டுகிறவன்தான், உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வளைவு எங்களுக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். கேரட் மூட்டை ஏற்றிய லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறி வருகிறது என்று வையுங்கள். வளைவின் நடுவில் அது நின்றுவிட்டால் கிளீனர் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் லாரி பின்னால் உருளும். கிளட்ச் தீய்ந்து நாற்றமடிக்க அது மறுபடி கிளம்பிப் போனபிறகு அந்தக் கல் ரோட்டிலேயே கிடக்கும். மூடுபனியில் அடுத்து வருகிற பைக்காரன் அதில்தான் விழுவான். அவன் உங்கள் ஆளாகவும் இருக்கலாம். இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. ஆபத்தான இடத்தில் வண்டியை விட்டுப்போவதைத் தடுக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 122ஆம் பிரிவும் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கும்போது நீங்களும் படித்ததுதானே?

உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். பள்ளத்தாக்குகளும் பழைய கோட்டைகளும், மூன்று நாள் பயணம். திண்டுக்கல் கோட்டைக்கு நாற்பது நிமிடம் போட்டிருக்கிறீர்கள். 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கி, திருமலை நாயக்கர் காலத்தில் வளர்ந்து, 1755இல் ஹைதர் அலி கைக்கு வந்து, 1790இல் வெள்ளைக்காரன் பிடித்த கோட்டை அது. படி ஏறி மூச்சு வாங்கி நிமிர்வதற்கே நாற்பது நிமிடம் ஆகும். விருப்பாச்சி வழியாகத்தான் போகிறீர்கள், வெள்ளையனை எதிர்த்து 1801இல் தூக்கில் தொங்கிய கோபால நாயக்கரின் ஊர் என்று ஒரு வரி எழுதவில்லை. தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டை மேல் ஏறி நின்று ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். அது ஈமச்சின்னம் ஐயா. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் யாரோ தங்கள் வீட்டுப் பெரியவருக்கு எழுப்பியது. உங்கள் தாத்தா சமாதி மேல் ஷூ காலோடு ஏறுவீர்களா? சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறீர்கள், காட்டுமாடு மிரண்டு பூண்டு வயலுக்குள் இறங்குகிறது, அந்த நஷ்டத்துக்கு யாரிடம் போய் நிற்பது? இந்த மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று நீதிமன்றமே கவலைப்பட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்தது, 2025 கோடையில் வார நாளுக்கு 4,000, வார இறுதிக்கு 6,000 என்று கணக்கும் வைத்தது. கீழே எண்ணி அனுப்பினாலும், மேலே வந்து பதினெட்டு வண்டி ஒரே வளைவில் நின்றால் அந்தக் கணக்கு எங்களுக்கு என்ன பிரயோஜனம்?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். உங்களை வர வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நீங்கள் வந்தால் டீக்கடைக்கு வியாபாரம், ரோட்டோரம் பூண்டு விற்கிற அக்காவுக்கு நாலு காசு. வளைவில் மட்டும் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. படம் எடுக்க வேண்டுமானால் நேரான இடம் பார்த்து, ரோட்டை விட்டு இறக்கி நிறுத்துங்கள். அங்கேயும் சாவியோடு ஒரு ஆளை வண்டிப் பக்கத்தில் விட்டுப் போங்கள். பதினெட்டாக வராமல் ஐந்து ஐந்தாகப் பிரிந்து, நடுவில் பத்து நிமிடம் விட்டு வாருங்கள். கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து ஹெல்மெட், பெட்ரோல் என்று சொல்கிறீர்கள் அல்லவா, அப்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த பயணத்துக்குத் தேதி போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை, "வளைவில் நிறுத்த மாட்டோம்" என்று, எழுத்தில் வேண்டும். மன்னவனூரில் எங்கள் தோட்டத்துப் பக்கம் ரோட்டை ஒட்டி மேட்டு நிலம் கொஞ்சம் சும்மா கிடக்கிறது, இருபது வண்டி தாராளமாக நிற்கும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், காசு எதுவும் வேண்டாம். அந்தத் தம்பியும் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அம்மா அவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
மன்னவனூர் விவசாயி ஒருவன்