சதுரக் குழாயா, உருண்டைப் பைப்பா?

அன்புள்ள கிளப் செயலாளர்களுக்கும் பி.இ.டி. சார்மாருக்கும்,

"மற்ற பட்டறையில் சதுரக் குழாயில் கோல் போஸ்ட் செய்து தருகிறார்கள். விலையும் குறைவு. நீங்கள் மட்டும் ஏன் உருண்டைப் பைப்பிலேயே நிற்கிறீர்கள்?" தூத்தூர் பக்கத்திலிருந்தும் கருங்கல் பக்கத்திலிருந்தும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். கால்பந்து விதிப்புத்தகம் சதுரத்தைத் தடுக்கவில்லை. சதுரம், செவ்வகம், வட்டம், நீள்வட்டம், எதுவும் ஆகலாம். தூண்களும் குறுக்குக் கம்பியும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும், தடிமன் 12 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.

ஆனால் சதுரக் கம்பி என்றதும் எங்களுக்கு ஹாம்ப்டன் பார்க் நினைவுக்கு வந்துவிடும். ஸ்காட்லாந்தின் தேசிய கால்பந்து மைதானம் அது, கிளாஸ்கோ நகரில் இருக்கிறது. அதைக் கட்டியது அரசாங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1867-இல் தொடங்கிய குயின்ஸ் பார்க் கிளப், 2019 வரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கொடுக்காத கிளப், கட்டிய மைதானம். வரி பிரித்து ஜெர்சி வாங்கும் நம்மூர் கிளப்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். அவர்களுடைய முதல் ஹாம்ப்டன் ரயில்பாதைக்குப் போனது. (நாலுவழிச் சாலைக்கு வயலைக் கொடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) இரண்டாவதையும் விட்டுவிட்டு, இப்போதிருக்கும் மூன்றாவது மைதானத்தை 1903 அக்டோபர் 31-இல் திறந்தார்கள். 1937-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு 1,49,000 பேருக்கு மேல் கூடினார்கள். 1950-இல் பிரேசிலின் மரக்கானா வரும்வரை உலகத்திலேயே பெரிய கால்பந்து மைதானம் அதுதான். இன்று இருக்கைகள் ஏறத்தாழ 52,000. 2020-இல்தான் அது கிளப்பின் கையைவிட்டு ஸ்காட்லாந்து கால்பந்து சங்கத்தின் கைக்குப் போனது.

விஷயத்துக்கு வருகிறோம். 1976 மே 12, கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கும் பிரான்சின் செந்த்-எத்தியேனும். ஹாம்ப்டனில் அப்போது சதுரப் போஸ்ட்கள். முதல் பாதியில் செந்த்-எத்தியேனின் பத்தனே தூரத்திலிருந்து அடித்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டுத் திரும்பியது. சற்று நேரத்தில் அதே அணியின் சாந்தினி தலையால் முட்டியதும் அதே கம்பியில். 57-ஆவது நிமிடம் பேயர்னின் ரோத் ஒரு ஃப்ரீகிக்கை உள்ளே தள்ள, 1-0, கோப்பை ஜெர்மனிக்குப் போனது. 'உருண்டைக் கம்பியாக இருந்திருந்தால் கோல்தான்' என்று பிரான்சில் இன்றும் புலம்புகிறார்கள். 'சதுரக் கம்பங்கள்' என்பது அங்கே ஒரு சொல்வழக்காகவே ஆகிவிட்டது. அந்தப் போஸ்ட்களையே 2013-இல் செந்த்-எத்தியேன் விலைக்கு வாங்கிக்கொண்டுபோய்த் தங்கள் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறது!

புலம்பலில் நியாயம் உண்டா? உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பட்டறை வாசலுக்கு வாருங்கள், காட்டித் தருகிறோம். இரண்டு துண்டுகளையும் வைஸில் கட்டிவைத்திருக்கிறோம். சதுரத்தின் தட்டை முகத்தில் பந்தை எறிந்தால் வந்த வழியே திரும்பும். உருண்டையில் மையத்துக்குக் கொஞ்சம் கீழே பட்டால் தரையைப் பார்த்து இறங்கும். மேலே பட்டால் மேலே பறக்கும். அந்த விரல்கடை அளவுதான் கோலா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

இருந்தாலும் நாங்கள் சதுரத்தை நிறுத்தியது அதற்காக அல்ல. எங்கள் கையால் செய்த ஒரு சதுரப் போஸ்டின் விளிம்பில் மோதி, ஒரு கோல்கீப்பர் பையனுக்கு நெற்றியில் நாலு தையல். விளிம்பை அரத்தால் தேய்த்துத்தான் கொடுத்திருந்தோம். போதவில்லை. அன்றோடு சரி.

விலை ஏன் கூடுகிறது என்றால், கோலின் உள்ளகலம் 24 அடி, உயரம் 8 அடி. பைப் வருவதோ 20 அடி நீளத்தில். ஆகவே குறுக்குக் கம்பியில் ஒட்டு தவிர்க்க முடியாது. அந்த ஒட்டை நடுவில் வைத்தால் கொஞ்ச நாளில் தொய்ந்துவிடும். ஓரமாகத் தள்ளி, உள்ளே அளவான இன்னொரு பைப்பைச் செருகி வெல்டு வைக்கிறோம். மூலையில் உருண்டைப் பைப்பை இன்னொன்றோடு பொருத்திச் சேர்ப்பது சதுரத்தைச் சேர்ப்பதைவிட இரட்டி வேலை. ஜி.ஐ. பைப் என்றாலும் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். கடற்கரை மைதானத்தில் உப்புக்காற்று முதலில் கடிப்பது அங்கேதான். அதனால் அங்கு ஜிங்க் பிரைமர் இரண்டு கோட் அடித்துத்தான் வெள்ளைப் பெயின்ட்.

காசு இடிக்கிறது என்றால் கமுகுத் தடியோ காற்றாடி (சவுக்கு) மரமோ நட்டு ஆடுங்கள், குறையொன்றுமில்லை. வலை மட்டும் எங்களிடம் வாங்கினால் போதும். அதுவும் கடற்கரை ஊர்க்காரர்கள் எங்களைவிட நன்றாகவே முடிந்துகொள்வீர்கள்.

தூக்கி வைக்கும் போஸ்ட் வாங்கியவர்கள் பின்கம்பியில் மணல்மூட்டை வைக்காமல் பிள்ளைகளை விட வேண்டாம். கம்பியில் தொங்கினால் சாய்ந்துவிடும்.

கோடை விடுமுறை டூர்னமெண்டுக்கு வேண்டுவோர் மாசி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். பங்குனியில் கோவில் கொடைப் பந்தல் வேலையும் சேர்ந்துகொள்ளும், ஆள் கிடைக்காது.

அன்புடன்,
மார்த்தாண்டம் பட்டறையிலிருந்து