ஆயிரம் ரூபாய் ஓட்டு என்று பேசுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சி விவாதங்களில் அரசியல் விமர்சகர்களாக அமர்பவர்களுக்கும், அந்த விவாதங்களை நடத்தும் நெறியாளர்களுக்கும்,

வணக்கம்.

34 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். திண்டிவனம் பக்கத்துக் கிராமம். ஆசிரியை வேலையோடு தேர்தல் வேலையும் ஒட்டிக்கொண்டே வரும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று 11 முறை வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். விரலில் மை வைத்திருக்கிறேன், பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், கடைசி இரண்டு முறை தலைமை அலுவலராகவும் இருந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தேர்தல் முடிவு வரும் ஒவ்வொரு முறையும், இப்போதெல்லாம் முடிவு வருவதற்கு முன்பேயும், உங்கள் மேசையில் ஒரே பேச்சு. பெண்கள் ஆயிரம் ரூபாய்க்கு ஓட்டைப் போட்டுவிட்டார்கள், இலவசப் பேருந்துக்கு விழுந்துவிட்டார்கள், அவர்களுக்கு அரசியல் தெரியாது. ஒருவர் சொல்வார், இன்னொருவர் சிரிப்பார், நெறியாளர் இடைவேளை விடுவார். வீட்டுக் கூடத்தில் நான், என் மருமகள், பால் கணக்கு முடிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மா மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா எழுந்து போய்விட்டார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகு எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தேர்தலில் மதியம் இரண்டு மணி இருக்கும். நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்த ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல், விரலெல்லாம் மண். மை பிடிக்காது என்று சொன்னதும் முந்தானையில் துடைத்துத் துடைத்து நீட்டினார். வாசலுக்கு வெளியே அவர் வீட்டு ஆண் ஒருவர் நின்றுகொண்டு, "ரெண்டாவது பட்டன், ரெண்டாவது பட்டன்" என்று கத்திக்கொண்டே இருந்தார். காவலர் அவரை நகர்த்தினார். அந்த அம்மா அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார். சத்தம் வரவில்லை. அரை நிமிடம் இருக்கும். வாக்குச்சாவடியில் அரை நிமிடம் ரொம்ப நீளம். ஏஜென்ட்டுகள் கழுத்தை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு அந்த நீளமான பீப். அதற்கு முன், காகிதத்தில் சின்னம் தெரியும் ஏழு நொடியும் அவர் நகரவில்லை, நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார். "எதுல குத்துன?" என்று வாசலில் கேள்வி. "போட வேண்டியதுல போட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அந்த அரை நிமிடத்துக்குள் அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி பேசுகிறீர்கள்.

இந்தப் பேச்சு புதிதும் இல்லை. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று நம்முடைய சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைப் பார்த்து வாக்குரிமை கேட்டது. யாருக்கெல்லாம் வாக்குரிமை தரலாம் என்று பார்க்க அடுத்து வந்த சவுத்பரோ குழு, இந்தியப் பெண்ணுக்கு இன்னும் காலம் வரவில்லை என்று கைவிரித்தது. வாக்கைக் கொடுத்தால் புருஷன் சொன்னபடிதான் போடுவாள் என்பது அன்றைய வாதம். 1921-ல் சென்னை மாகாண சட்டமன்றம் அதைத் தள்ளிவிட்டு, இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. சொத்து இருந்தவர்களுக்கு மட்டும்தான், அதனால் சொற்பப் பேர்தான். ஆனாலும் இந்த மண்ணில்தான் தொடங்கியது. அன்று புருஷன் சொல்லிப் போடுவாள் என்றார்கள், இன்று காசு வாங்கிப் போடுவாள் என்கிறீர்கள். அவளே யோசித்துப் போடுவாள் என்பதை மட்டும் இந்த நூறு வருஷத்தில் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது, வடமாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே சொன்னார்கள். பெயர் இல்லாமல் பட்டியல் இல்லை என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனார்கள். வாக்குச்சாவடியில் முதல் அலுவலராக உட்கார்ந்து ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் உரக்கப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணிக்கை ஞாபகம் வரும். ஊரில் 'பெரியவன் பொண்டாட்டி', 'டெய்லர் வீட்டம்மா' என்று மட்டுமே கூப்பிடப்பட்டவரின் சொந்தப் பெயரை முழு அறையும் கேட்கும் இடம் அது ஒன்றுதான்.

17ஏ பதிவேடு என்று ஒன்று உண்டு. வாக்களிக்கும் முன் அதில் கையெழுத்துப் போட வேண்டும், தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். நான் முதன்முதலில் தேர்தல் வேலைக்குப் போனபோது பெண்கள் பக்கம் முழுக்க ஊதா ரேகையாக இருக்கும். வருஷம் போகப் போகக் கைநாட்டு குறைந்தது. அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டியவர்கள், மகளிர் குழுவில் கடன் வாங்கக் கையெழுத்துப் பழகியவர்கள் எல்லாம் கோணலும் மாணலுமாகத் தன் பெயரை எழுத ஆரம்பித்தார்கள். தர்மபுரியில் 1989-ல் தொடங்கிய மகளிர் குழுக்கள் எங்கள் ஊர்ப் பதிவேடு வரைக்கும் வந்து சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எழுத்து வந்த இடத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் முதியோர் கல்வி வகுப்பில் உட்கார்ந்த பெண்கள்தான் 1992-ல் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது ஆந்திரா முழுக்கப் பரவி, 1994 தேர்தலில் மதுவிலக்கை வாக்குறுதியாக்கி, என்.டி.ராமராவ் ஆட்சிக்கு வந்ததும் நடைமுறைக்கும் வந்தது. நம் ஊரில் 2016-ல் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 டாஸ்மாக் கடைகளை மூடக் கையெழுத்திட்டார். அதற்குப் பின்னால் யாருடைய குரல் இருந்தது? குடித்துவிட்டு வருகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட பெண்களின் குரல்தான். இதெல்லாம் அரசியல் தெரியாதவர்கள் செய்த காரியமா?

இனி உங்கள் கணக்குக்கே வருகிறேன். காசுக்குத்தான் ஓட்டு என்றால் அதிகம் தருகிறேன் என்றவர்தானே ஜெயித்திருக்க வேண்டும்? 2021-ல் தி.மு.க. குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய் என்றது. அ.தி.மு.க. உடனே 1500 ரூபாய் என்றது, வருஷத்துக்கு ஆறு சிலிண்டர் என்றது, வாஷிங் மெஷின் என்றது. 1500 தோற்றது. அதற்கு முன்னால் கலர் டிவியை வீடு வீடாகக் கொடுத்து முடித்த ஆட்சி 2011-ல் வீட்டுக்குப் போனது. டிவியை வாங்கி வைத்துக்கொண்டு எதிர்த்து ஓட்டுப் போட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. விலைக்கு வாங்கப்பட்டவள் இப்படிச் செய்வாளா?

2023 செப்டம்பர் 15-லிருந்து வரும் அந்த ஆயிரம் ரூபாய்க்கு அரசு வைத்த பெயர் உரிமைத் தொகை. எங்கள் தெருவில் அது என்ன ஆகிறது என்று சொல்கிறேன். பதினைந்தாம் தேதி வாக்கில் போனில் மெசேஜ் வரும். வாரத் தவணை வசூலுக்குக் காலை ஏழரைக்கே ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடும் வீடுகளில் அதில் பாதி அங்கேயே போய்விடும். மீதியில் பிள்ளையின் டியூஷன், மாமியாரின் சுகர் மாத்திரை. முதல் மாதம் பணம் வந்தபோது ஒரு பெண் என்னிடம், "டீச்சர், யார்கிட்டயும் கணக்கு சொல்லாம எடுத்த மொத காசு இது" என்றாள். 23 வருஷமாகப் பூக்கட்டி விற்கிறவள் அவள். சம்பாதிக்காதவள் இல்லை.

பேருந்தும் அப்படித்தான். கட்டணம் இருந்த காலத்தில் அவள் ஒரு ஸ்டேஜ் முன்னாலேயே இறங்கி நடப்பாள். கூடை தலையில், கையில் செருப்பு. மிச்சம் பிடித்தது சில ரூபாய். இப்போது மார்க்கெட் வாசலில் இறங்குகிறாள். இந்தப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு சொன்னது. அதை நினைத்து ஒருத்தி ஓட்டுப் போட்டால் அது தன் வாழ்க்கையைப் பார்த்துப் போட்ட ஓட்டு. வேறு எதைப் பார்த்துப் போடச் சொல்கிறீர்கள்? பம்புசெட்டுக்கு 1990-லிருந்து எல்லா விவசாயிக்கும் கட்டணமில்லா மின்சாரம் இருக்கிறது. கூட்டுறவுக் கடன் தள்ளுபடி 2006-லும் நடந்தது, 2021-லும் நடந்தது. அதெல்லாம் வேண்டும், நானும் விவசாயி வீட்டுப் பெண்தான். ஆனால் அதற்காக ஓட்டுப் போட்ட ஆணை நீங்கள் விலை போனவன் என்று சொன்னதில்லை. அதை விவசாயிகளின் எழுச்சி என்றீர்கள். நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

ஓட்டுக்குப் பணம் வாங்கும் பெண்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் பண விவகாரத்தால் நிறுத்தப்பட்டபோது, அந்தப் பணத்தைச் சேர்த்தவர்களும் பதுக்கியவர்களும் மகளிர் குழுத் தலைவிகள் இல்லை. எங்கள் ஊரில் ராத்திரி கதவைத் தட்டிக் கவரை நீட்டுகிறவர் ஆண். பல வீடுகளில் "நாலு ஓட்டு இருக்கு" என்று எண்ணி வாங்குகிறவரும் ஆண். பழி மட்டும் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருப்பவள் மேல்.

2022 செப்டம்பரில் அன்றைய உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி மேடையிலேயே பெண்களின் பேருந்துப் பயணத்தை 'ஓசி' என்றார். அந்த ஒரு வார்த்தை அடுத்த நாளே பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததும் எனக்கு வலிதான். கோவைப் பக்கம் ஒரு மூதாட்டி, ஓசியில் வரமாட்டேன், டிக்கெட் கொடு என்று நடத்துனரிடம் காசை நீட்டிய காணொளி பரவியது. எந்தக் கட்சி அவரைத் தூண்டியது என்று சண்டை நடந்து வழக்கு வரை போனது. அந்த அம்மாவுக்கு ரோஷம் வந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

எதிர்க்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்களைக் கேவலமாகப் பேசிய விமர்சகரைத் திட்டுகிறேன் என்று அவருடைய மனைவியையும் மகளையும் இழுத்து எழுதுகிறீர்கள். நான் அதைப் படித்தேன், வாய்விட்டுச் சொல்ல முடியாத சொற்கள். அடுத்த கட்சிக்காரர் பேசினால் துடைப்பத்தோடு தெருவுக்கு வரும் மகளிரணி, தன் தலைவர் பேசினால் காது கேளாமல் இருக்கிறது. பேசியவரோ, "தாய்மார்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பிக்கிறார். எங்களுக்குப் புண்பட்ட மனசுக்கு மருந்து வேண்டாம். சொன்னது பொய் என்று அவர் சொல்ல வேண்டும்.

திட்டங்களை விமர்சிக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. மாநிலத்தின் கடனைப் பற்றிப் பேசுங்கள். தகுதி இருந்தும் உரிமைத் தொகையில் பெயர் விடுபட்டு மனு எழுதிக்கொண்டிருக்கும் பெண்களைப் பற்றிப் பேசுங்கள், எங்கள் ஊரில் நானே அப்படிப் பல மனுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெண் வாக்காளர்கள் ஆண்களைவிட அதிகமாக இருக்கும் இந்த மாநிலத்தில், 2021-ல் 234 பேரில் 12 பெண்கள்தான் சட்டமன்றத்துக்குப் போனார்கள். அதற்கு முந்தைய முறை 21 பேர் போயிருந்தார்கள். அது ஏன் குறைந்தது என்று ஒரு மணி நேரம் விவாதம் வையுங்கள். நாங்கள் சாப்பாட்டை ஆறவிட்டுவிட்டுப் பார்ப்போம்.

அந்த விவாதத்தில் ஒரு நாற்காலி பூக்கட்டுகிறவளுக்கு, நூறு நாள் வேலைக்காரிக்கு, வாரத் தவணை கட்டுகிறவளுக்குப் போடுங்கள். எந்தச் சின்னத்துக்குப் போட்டாய் என்று கேட்டுவிடாதீர்கள், அது அவளுக்கு மட்டும் தெரிந்தது. எதையெல்லாம் எண்ணிப் பார்த்தாய் என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள், குறுக்கே பேசாதீர்கள். எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் வரத் தயாராக இருக்கிறார்கள். பால் கணக்கு முடிக்க வந்து பாதியில் எழுந்து போன அந்த அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். தேதியைச் சொன்னால் நானே அழைத்து வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து முதல் டவுன் பஸ் காலை 5.40-க்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருத்தி,
திண்டிவனம் வட்டம்.