மலையில் ஓடும் 4கே: நண்பனுக்கு ஒரு கடிதம்

ஹட்டன்

அன்பின் நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே மழையையும் மூடுபனியையும் விட்டால் வேறு செய்தி இல்லை. ஆகவே நேரே உன் டொயோட்டா டி.எக்ஸ் வேகனுக்கும் அதன் 4கே எஞ்சினுக்கும் வருகிறேன்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நசுக்கும் அழுத்தம்) 135 பி.எஸ்.ஐ.தான் காட்டுகிறது, எஞ்சின் முடிந்தது என்று கராஜில் சொன்னார்களாம். அதை வைத்து மட்டும் எஞ்சினை இறக்காதே மச்சான். நீ இருக்கும் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. சிலிண்டருக்குள் போகும் காற்றே அவ்வளவுதான், மீட்டரும் அதற்கேற்பத்தான் காட்டும். கொழும்பில் 170 காட்டும் எஞ்சின் உன் வாசலில் 136 காட்டும், ஹட்டனில் 146 வரை வரும். நீ பார்க்க வேண்டியது சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசத்தை. எஞ்சின் சூடாக இருக்கட்டும், நாலு பிளக்கையும் கழற்று, அக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரால் சுற்று. ஒன்று மற்றதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கெஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு). நீண்ட இறக்கம் இறங்கி மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு சீலும் கைடும்தான் போயிருக்கும். அதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

சரி, இறக்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலம் என்றதும் எல்லாரும் பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), இரட்டைக் காபரேட்டர் என்றுதான் தொடங்குகிறார்கள். மஹகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டத்துக்குக் கட்டுகிற எஞ்சின் வேறு, ரம்பொடை ஏற்றத்தில் ஆளும் மூட்டையுமாக ஏறுகிற எஞ்சின் வேறு. வால்வை 290 பாகை திறந்து வைக்கும் கேம் போட்டால் 3,000 சுற்றுக்குக் கீழே எஞ்சினில் ஒன்றும் இருக்காது, வளைவுக்கு வளைவு முதல் கியர்தான். உனக்கு 2,000 முதல் 4,500 வரை இழுக்க வேண்டும். கேம் மாற்றுவதாக இருந்தால் 260 பாகையைத் தாண்டாதே. ஃப்ளைவீலைச் செதுக்கி எடை குறைக்கவும் வேண்டாம், ஏற்றத்தில் கிளட்ச் விடும்போதெல்லாம் நின்றுபோகும்.

மெல்லிய காற்றில் இழந்ததை மீட்க மலிவான வழி கம்ப்ரஷன் விகிதத்தைக் கூட்டுவதுதான், அதாவது காற்றை இன்னும் சிறிய இடத்துக்குள் நசுக்குவது. 4கே 75 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 73 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 1,290 சி.சி., விகிதம் 9.0. போரைக் கடைந்து 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போனால் ஒரு சிலிண்டர் 326.8 சி.சி., மொத்தம் 1,307. விகிதம் 9.8 ஆக வேண்டுமானால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் 326.8 ÷ 8.8, அதாவது 37.1 சி.சி. இதில் ஹெட் குழி, கெஸ்கட், பிஸ்டன் தலைப்பள்ளம், பிஸ்டன் பிளாக் முகத்துக்குக் கீழே நிற்கும் அளவு எல்லாம் அடங்கும். இறுகிய பிறகு 1.2 மி.மீ. இருக்கும் கெஸ்கட்டே, 76.5 மி.மீ. துவாரத்துக்கு 5.5 சி.சி. பிடிக்கும். ஹெட் குழியின் மேல் கண்ணாடித் தகட்டை கிரீஸால் ஒட்டி, துளை வழியாக மண்ணெண்ணெயை ஊசிக்குழாயால் விட்டு நாலையும் அள. கண்மதிப்பில் ஹெட்டை ‘ஒரு மில்லி எடுங்க’ என்று பட்டறைக்காரரிடம் கொடுப்பதுதான் வழக்கமான கேடு. வழமையான குழிக்கு 0.1 மி.மீ. எடுத்தால் ஏறக்குறைய 0.35 சி.சி. குறையும். அளந்த பிறகுதான் எவ்வளவு எடுப்பதென்று தெரியும்.

ஹெட்டைச் சீவினால் ராக்கரைத் தள்ளும் புஷ்ராட் அந்தளவுக்கு நீளம் கூடியதுபோல் ஆகிவிடும். ராக்கர் தாங்கிகளுக்கு அடியில் ஷிம் வைத்துச் சரிக்கட்டு. பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் ஒட்டி, ஹெட்டை இறுக்கி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, வால்வு பட்டு நசுங்கிய இடத்தின் தடிப்பை அளந்து பார். இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸோஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. இருக்க வேண்டும்.

9.8 மலையில் சுகமாக ஓடும். கொழும்புக்கு இறங்கினால் 92 ஒக்டேன் பெற்றோலில் எஞ்சின் தட்டும். 95 அடித்துக்கொள், பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை மூன்று நாலு பாகை பின்னுக்குத் திருப்பு. அதன் அடியில் மலைக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு கோடு கீறி வைத்தால் ஒரு ஸ்பெனரோடு வேலை முடியும். தட்டும் சத்தத்தோடு ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே போனால் பிஸ்டனில் ரிங் வரிகளுக்கு இடைப்பட்ட பகுதி உடையும். அதற்குப் பிறகு புதுப் போரும் வீண்.

போர், கிராங்க் இரண்டும் பட்டறை வேலை. அளப்பது உன் வேலை. பிஸ்டனை முதலில் வாங்கிக் கொடு, பிஸ்டனுக்குத்தான் போர் போட வேண்டும். பிஸ்டன் இடைவெளி 0.04 முதல் 0.05 மி.மீ. ரிங்கைத் தனியாகப் போருக்குள் நேராகத் தள்ளி வாய் இடைவெளி பார்: 0.30க்குக் குறையக் கூடாது, குறைந்தால் அரத்தால் தேய். கிராங்கில் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் பிடிக்கும் இடம்) 42 மி.மீ., மெயின் (பிளாக்கில் உட்காரும் இடம்) 50 மி.மீ., எண்ணெய் இடைவெளி முறையே 0.04, 0.05க்கு அண்மையில் இருக்கட்டும். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தைக் கொண்டு இடைவெளி காட்டும் மெழுகு இழை) ஒரு கீற்று வைத்தால் பொய் சொல்லாது. கிரைண்ட் பண்ணிய கிராங்கின் எண்ணெய்த் துளைகளை நீயே பிரஷ் விட்டுக் கழுவு, அங்கே தங்கும் கல்தூள் முதல் நாளே பெயரிங்கைத் தின்றுவிடும். பிஸ்டன்களையும் கனெக்டிங் ராட்களையும் நகைக்கடைத் தராசில் எடை பார்த்து இரண்டு கிராமுக்குள் சமப்படுத்து. செலவில்லாத வேலை, 4,000 சுற்றுக்கு மேலே பலன் தெரியும்.

போல்ட் இறுக்கம்: மெயின் 45, ராட் 35, ஹெட் 45 அடி-பவுண்ட். ஹெட்டை நடுவிலிருந்து வெளியே, 20, 35, 45 என மூன்று தரமாக இறுக்கு. ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் கோணும். சாதா டப்பட் என்றால் வால்வு இடைவெளி சூட்டில் இன்டேக் 0.20, எக்ஸோஸ்ட் 0.30 மி.மீ. பிளக் வயரில் ஒரு எச்சரிக்கை: 4கேயில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-2-4-3. வேறு எஞ்சின்களின் பழக்கத்தில் 1-3-4-2 போட்டால் காபரேட்டர் வழியாக வெடிக்கும், டைமிங் பிழையென்று தேடிக்கொண்டிருப்பாய்.

வெபர் 32/36 காபரேட்டர் போடலாம், கூடாதென்று இல்லை. ஆனால் உயரத்தில் அது தானாகவே பெற்றோலைக் கூடுதலாகக் கொடுக்கும். கொழும்பில் 140 மெயின் ஜெட் (பெற்றோல் போகும் துளை) சரியென்றால் நுவரெலியாவில் 135. இல்லாவிட்டால் பிளக் கறுக்கும், புகைப் பரிசோதனையிலும் தவறிவிடும். எக்ஸ்ட்ராக்டர் (புகையைத் தனித்தனிக் குழாயில் இழுக்கும் மனிஃபோல்ட்) விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். 4கேயில் இன்டேக்கும் எக்ஸோஸ்ட்டும் ஒரே பக்கம், வார்ப்பிரும்பு மனிஃபோல்டின் சூடுதான் இன்டேக்கைச் சூடாக்குகிறது. அதைக் கழற்றி நாலு இரண்டாகி ஒன்றாகும் 4-2-1 குழாய் போட்டால், தை மாதக் குளிரில் பெற்றோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டும், காபரேட்டர் தொண்டையில் பனிக்கட்டியும் கட்டும். ரேடியேட்டர் வெந்நீரை இன்டேக்கைச் சுற்றிவரச் செய்ய வழியில்லாவிட்டால் பழையதையே வைத்துக்கொள்.

ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போடு. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும், அழுத்தம் பிடிக்காத மூடியோடு எந்த எஞ்சினும் ஏற்றத்தில் கொதிக்கும்.

இவ்வளவுக்கும் பதிலாக கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு நல்ல 5கே எஞ்சின் கிடைத்தால் யோசி. 80.5 போர், அதே ஸ்ட்ரோக், 1,486 சி.சி.: ஒன்றும் செதுக்காமலே 15 வீதம் கூடுதல். எஞ்சின் நம்பரைப் பதிவுப் புத்தகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், அந்த அலைச்சலையும் கணக்கில் எடு.

ஓட்டிப் பழக்குவதற்கு நம் பாதையைப் போல் வேறில்லை. புதுக் கேம் என்றால் முதல் இருபது நிமிடம் ஐடிலில் விடாமல் 2,000க்கு மேலேயே வைத்திரு. பிறகு நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கி ஏறு: ஏற்றத்தில் மூன்றாம் கியரில் பாதி மிதி, இறக்கத்தில் காலை எடுத்துவிடு. ரிங் அப்படித்தான் படியும். 500 கிலோமீட்டரில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்று.

போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், நீளவாக்கிலும் குறுக்காகவும் அளந்து, நாலு சிலிண்டருக்கும் எழுதி அனுப்பு. 0.50 போதுமா, 0.75க்குப் போக வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பிஸ்டன் வாங்காதே.

அன்புடன்,
உன் நண்பன்