அந்தக் காலிக் கட்டம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. கல்யாண ஏற்பாடுகளைப் பற்றி எழுதியிருப்பாய் என்று நினைத்துப் பிரித்தால், முக்கால்வாசியும் பெயரைப் பற்றித்தான் இருக்கிறது. படிவத்தில் ‘திருமணத்துக்குப் பின் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதைக் காலியாக விட்டால் உன் வருங்கால மாமியாருக்கு மனவருத்தம், நிரப்பினால் உன் தோழிகளுக்கு இளக்காரம். எதைச் செய்தாலும் குற்றவுணர்வு வருகிறதாம். ‘நீ மாற்றிக்கொண்டாயே அம்மா, அப்போது உனக்கு என்ன தோன்றியது?’ என்று கேட்டிருக்கிறாய்.

உண்மையைச் சொன்னால், ஒன்றும் தோன்றவில்லை. உன் அப்பாவின் பெயர் என் பெயரோடு வந்து ஒட்டிக்கொண்டது. கையெழுத்து கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான். அதற்காக நான் வருந்தியதும் இல்லை, பெருமைப்பட்டதும் இல்லை. எங்கள் தலைமுறைப் பெண்கள் எல்லாரும் மனம் வெதும்பித்தான் பெயரை விட்டோம் என்று இப்போது சிலர் எழுதுவதைப் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

என்னை எரிச்சலூட்டியது வேறொன்று. சான்றிதழில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எங்கு போனாலும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். நான் நான்தான் என்பதை யாரோ ஓர் அதிகாரி முத்திரை குத்திச் சொன்னால்தான் செல்லும். உன் அப்பாவுக்கு இந்தத் தொல்லை ஒருநாளும் வந்ததில்லை. பிறந்தபோது வைத்த பெயரோடு வேலைக்குச் சேர்ந்தார், அதே பெயரோடு ஓய்வும் பெற்றுவிட்டார். ‘பெயர்தானே, இதில் என்ன இருக்கிறது?’ என்று இப்போதும் கேட்கிறார். அப்படிக் கேட்கிறவர்களிடம், ‘அப்படியானால் நீங்கள் மாற்றிக்கொள்ளுங்களேன்’ என்று சொல்லிப் பார். அந்த நொடியிலேயே அது பெரிய விஷயமாகிவிடும்.

இது பெரிய விஷயமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில், மணமான பெண்ணுக்குத் தனி ஆளுமையே கிடையாது. அவள் கணவனுக்குள் அடக்கம் என்றுதான் கருதினார்கள். அவள் சம்பாதித்ததும் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததும் அவன் கைக்குப் போயின. 1870இலும் 1882இலும் வந்த சட்டங்கள்தான் அவளுடைய சொத்தை அவளிடமே விட்டன. சொத்து திரும்பி வந்த பிறகும் பெயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. அமெரிக்காவிலோ, கடன் கொடுப்பதில் பாலினத்தையும் மண நிலையையும் காரணம் காட்டக் கூடாது என்று சட்டம் சொல்ல 1974 வரை ஆயிற்று. அது நான் உயிரோடு இருக்கும் காலம், கல்வெட்டுக் காலமல்ல.

அங்கே லூசி ஸ்டோன் என்று ஒரு பெண் இருந்தார். அடிமை முறைக்கு எதிராகவும் பெண்களின் வாக்குரிமைக்காகவும் மேடைமேடையாகப் பேசியவர். 1855இல் திருமணம் செய்துகொண்டும் தன் பெயரையே வைத்துக்கொண்டார். 1879இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் பெண்கள் வாக்களிக்கலாம் என்று அனுமதித்தது. வாழ்நாளெல்லாம் வாக்குரிமைக்காகப் போராடியவர் ஆசையோடு பதிவு செய்யப் போனார். கணவர் பெயரைச் சேர்த்தால்தான் பதிவு என்றார்கள். அவர் சேர்க்கவில்லை, வாக்கும் கிடைக்கவில்லை. அவ்வளவு உறுதி எனக்கு இருந்திருக்குமா என்று தெரியாது. உனக்கும் இருந்தாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

உன் கேள்விக்கு நெருக்கமாக எனக்குப் படுவது மூன்று இடங்களின் சட்டங்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல், மணமான பின்பும் பெண் தன் பிறந்த பெயரில்தான் சட்டக் காரியங்களைச் செய்ய வேண்டும். கிரீஸ் நாட்டிலும் 1983இல் அப்படியே சட்டம் வந்தது. விருப்பப்பட்டு கணவன் பெயருக்கு மாற்றிக்கொள்ள நினைப்பவளுக்கும் அங்கெல்லாம் எளிதில் வழியில்லை என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நன்மை பார்: அங்கே எந்த மாமியாரும் மருமகளிடம் வருத்தப்பட முடியாது. சண்டையைச் சட்டம் தன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டது.

ஜப்பான் இதற்கு நேர்மாறு. தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்கிறது அந்த நாட்டுச் சட்டம். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றே சொன்னது. வேடிக்கை எங்கே என்றால், அது கணவனின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. இருவரும் பேசி எந்தப் பெயரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுத்தில் இருவரும் சமம். நடப்பிலோ, சுமார் 95 சதவீதத் தம்பதிகளில் பெயரை விடுபவள் மனைவி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அத்தனை குடும்பங்களும் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்து, தற்செயலாக ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன!

‘உன் விருப்பம்தான்’ என்று உன்னிடம் எல்லாரும் சொல்கிறார்கள் அல்லவா? விருப்பம் என்றால் இருவருக்கும் இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா? அவர் படிவத்திலும் அதே கட்டம் இருக்குமே. அவர் இரவில் தூங்காமல் அதைப் பற்றி யாருக்காவது கடிதம் எழுதுகிறாரா? அவர் நல்ல பிள்ளை, எனக்குப் பிடித்தவர். அவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. கேள்வி உன் வாசலில் மட்டும் வந்து நிற்பதால்தான் உனக்குக் குற்றவுணர்வு வருகிறது என்கிறேன். கேட்கப்படாதவருக்குக் குற்றவுணர்வு எப்படி வரும்?

உன் தோழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பெயரை மாற்றினால் நீ அடிமை என்று சொல்பவர்களும் உன்னிடம் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், உன் மாமியாரும் அப்படித்தான். ஒருவருக்கு நீ அடக்கமானவள் என்று காட்ட வேண்டும், இன்னொருவருக்கு நீ விடுதலையானவள் என்று காட்ட வேண்டும். இரண்டிலும் நீ மேடையில் நிற்கிறாய், மதிப்பெண் போடுபவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பெண் எடுக்கும் முடிவுக்கு எப்போதும் கனமான காரணம் கேட்பார்கள். உன் கடிதத்திலும் நீ பக்கம் பக்கமாகக் காரணங்களைத் தேடியிருக்கிறாய். ஆய்வுக் கட்டுரைகள் உன் பெயரில் வெளிவந்திருக்கின்றன, தாத்தா வைத்த பெயர், பெண்ணுரிமை... எல்லாம் சரிதான். ‘எனக்கு இந்தப் பெயர் பழகிவிட்டது’ என்பது மட்டுமே உன் காரணமாக இருந்தாலும் அது போதும். நாளைக்கே ‘அவர் பெயரோடு சேர்த்துச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது’ என்று தோன்றி மாற்றிக்கொண்டாலும் அதுவும் போதும். உன் அப்பா மீசையை எடுத்தபோது எந்தத் தத்துவத்தையும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இரண்டு பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வைத்துக்கொள், நல்ல வழிதான். ஊரார் இரண்டையும் சொல்வார்கள் என்று மட்டும் நம்பாதே. மேரி கியூரி தன் போலந்துப் பெயரான ஸ்க்ளோடோவ்ஸ்காவையும் விடாமல் சேர்த்தே எழுதினார். உலகம் கியூரி என்றுதான் கூப்பிடுகிறது.

இனி வேலையைச் சொல்கிறேன். மாமியாரிடம் நீ போய்ப் பேசாதே. அவர் மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளைதான் பேச வேண்டும். ‘அவள் மாற்றிக்கொள்ளவில்லை’ என்று சொன்னால் பழி உன்மேல் வரும். ‘நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம்’ என்று சொல்லச் சொல். அதற்கு முன் உண்மையாகவே இருவரும் பேசிவிடுங்கள். மாற்றுவது என்று முடிவானால், பயண டிக்கெட் எடுத்துவிட்டு பாஸ்போர்ட்டை மாற்றக் கொடுத்துவிடாதே, இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். பழைய பெயரில் உள்ள சான்றிதழ்களைப் பத்திரமாக ஒரே கோப்பில் வை. மாற்றாவிட்டால் இந்தப் பத்தியை மறந்துவிடு.

பிறக்கப்போகும் குழந்தைக்கு யார் பெயர் என்பதை இப்போதே இழுத்துக்கொண்டு வராதே. அது வரும்போது வரட்டும். அப்போதும் எனக்கு ஒரு கருத்து இருக்கும், நீ கேட்டால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அப்பாவும் பேச வேண்டும் என்கிறார். விருந்தினர் பட்டியலில் அவருடைய பழைய அலுவலக நண்பர்கள் பாதிப் பேரை நான் அடித்துவிட்டேன், அதைப் பற்றி உன்னிடம் முறையிடப் போகிறார். நீ அவர் பக்கம் சாயாதே.

அன்புடன்,
அம்மா