எங்கள் கன்னத்திலும் பூசிக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு மகளிர் பகுதியில் வந்த ஒப்பனைக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் கன்னத்துக்கு நிறம் கொடுக்கும் நான்கு நிறப் பவுடர் பிளஷ் ஒன்றை வாங்கினேன். விலை 48 வெள்ளி. ஒரே டப்பியில் வெளிர் ரோஜா, பீச், செங்கல் நிறம், நாவல்பழ நிறம் என்று நான்கு கட்டங்கள். பிரஷை நான்கிலும் ஒரு சுற்று சுற்றிப் பூசினால் எந்த முகத்துக்கும் பொருந்தும் என்று அந்தக் குறிப்பு சொன்னது. என் முகத்துக்குப் பொருந்தவில்லை.

நான் மாநிறத்தை விடக் கறுப்பு. கல்யாண விருந்துக்குக் கிளம்பும்போது நான்கையும் கலந்து பூசிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அக்கா மகள் பார்த்ததும், "சித்தி, கன்னத்துல மாவு ஒட்டியிருக்கு" என்று துடைக்க வந்துவிட்டாள். முகத்தைக் கழுவிவிட்டு, வெறும் பொட்டோடு போனேன்.

மறுநாள் பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு நிறமாக முன்கையில் தேய்த்துப் பார்த்தேன். வெளிர் ரோஜா சாம்பல் பூத்தது. பீச் இருந்த இடமே தெரியவில்லை. செங்கல் நிறம் டப்பிக்குள் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் பிரஷைத் தட்டிவிட்டு லேசாக இழுத்தால் வெயிலில் நடந்து வந்த கன்னம் மாதிரி அத்தனை இயல்பாக இருக்கிறது. நாவல்பழ நிறம் அதைவிட அழகு. அரக்குப் பட்டுக்கு அதுதான் சரி. ஒன்று மட்டும்: சன்ஸ்கிரீன் காய்ந்த பிறகு பூச வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தின் மேல் பூசினால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

பெட்டியின் பின்பக்கம் சிஐ 77891 என்று இருந்தது. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி அது. வெளிர் நிறங்களில் பெரும்பாலும் அதைத்தான் சேர்க்கிறார்கள். வெளுத்த தோலில் அந்த வெள்ளை தெரியாது. நம் தோலில் சாம்பலாக எழுந்து நிற்கும். நான்கையும் கலந்தால் ரோஜாவில் இருக்கும் வெள்ளை, நல்ல நிறங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது. ஆக, கறுத்த தோலுக்குக் கலக்கச் சொன்னதே தப்பு.

அதே பட்டியலில் சிஐ 75470 என்றும் இருந்தது. கார்மைன், கள்ளிச்செடியில் வாழும் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. சுத்த சைவமான என் அம்மா இதைக் கேட்டதும் டப்பியைத் தள்ளி வைத்துவிட்டார். இதைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கடையிலும் இதே கதைதான். விற்பனைப் பெண் முதலில் நீட்டியது வெளிர் ரோஜாவை. செங்கல் நிறத்துக்குப் பூசிப் பார்க்கும் டெஸ்டரே வைக்கவில்லை. அங்கிருந்த வெள்ளை விளக்கில் எல்லாமே அழகாகத் தெரிந்தது. கடை வாசல் நடைபாதையான அஞ்சடிக்கு வந்து வெயிலில் கையை ஒரு தடவை பார்த்திருந்தால் யோசித்திருப்பேன்.

அடுத்த முறை இப்படி ஒரு பொருளைப் பற்றி எழுதும்போது, எங்கள் நிறத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் கன்னத்திலும் பூசி, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எந்தக் கட்டத்தைத் தொட வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்லுங்கள். அக்கா மகளுக்குப் 16 வயது. என்னைவிடக் கறுப்பு. பேப்பர் வந்ததும் அவள் முதலில் பிரிப்பது உங்கள் மகளிர் பகுதியைத்தான்.

இப்படிக்கு,
வாசகி,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு