இலத்தீன் கற்போருக்குத் தமிழ் இலக்கணம் துணை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ராஃபிள்ஸ் கல்வி நிலையம், செயிண்ட் ஜோசப் கல்வி நிலையம் போன்ற நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் குறிக்கோளுரைகள் இலத்தீனில் உள்ளன. அம்மொழியை ஆர்வத்தால் தாமே கற்க முற்படும் இளையர்கள் சிலர், ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்து, வந்த வரிசையிலேயே பொருளை அடுக்கிவிட்டுத் திகைக்கிறார்கள். தமிழ் வகுப்பில் படித்த வேற்றுமையும் எச்சமும் இங்கே உதவும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தில், கிரேக்கர் விட்டுச்சென்ற மரக்குதிரையை நம்பாதீர்கள் என்று ட்ராய் மக்களை எச்சரிக்கும் பூசாரி லவோக்கோவன், 'திமெயோ தனாவோஸ் எத் தோனா ஃபெரெந்தெஸ்' என்கிறான். வினைமுற்றிலிருந்து தொடங்குவோம். 'திமெயோ' தன்மை ஒருமை வினை. 'அஞ்சுகிறேன்' என்பதில் போலவே 'நான்' தோன்றா எழுவாய். 'கொண்டுவருகின்ற' எனப் பொருள்படும் 'ஃபெரெந்தெஸ்' என்னும் பன்மைச் சொல்லுக்கு எழுவாய் வேற்றுமையிலும் இரண்டாம் வேற்றுமையிலும் ஒரே வடிவம்தான் என்றாலும், எழுவாய் ஒருமை என்று தெரிந்துவிட்டதால், அது 'கிரேக்கரை' என்னும் 'தனாவோஸ்' என்பதையே தழுவ முடியும். 'தோனா' என்றால் பரிசுகள். ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத இச்சொல்லும் இவ்விரு வேற்றுமைகளிலும் வடிவம் மாறாது. 'பரிசு கொண்டுவரும்' என்று நாம் 'ஐ' உருபைத் தொகையாக விட்டுவிடுவதை நினைத்துக்கொண்டால் இது குழப்பாது.

பலரும் இடறுவது 'எத்' என்ற சிறு சொல்லில்தான். அதற்கு அகராதி முதலில் தரும் பொருளைக் கொண்டு, 'கிரேக்கரையும் பரிசுகளையும்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிப் படித்தால் 'ஃபெரெந்தெஸ்' செயப்படுபொருளின்றித் தொங்கும். நம் 'உம்' எண்ணும்மையாகவும் (அடுக்கிச் சொல்ல) சிறப்பும்மையாகவும் (அழுத்திச் சொல்ல) வருவதுபோல, 'எத்' இரு வகையிலும் வரும்; இங்கே சிறப்பும்மை. எனவே, 'பரிசு கொண்டுவந்தாலும்' என்பதே பொருள்.

தமிழிலக்கணம் எல்லாவற்றுக்கும் விடை தரும் என்று நான் வாதிடவில்லை. 'நல்ல' என்னும் நம் பெயரடை எந்த வேற்றுமைக்கும் உருமாறாது. இலத்தீனிலோ பெயரடையும் பெயருக்கேற்ப ஈறு மாறும், பெயரைவிட்டு வெகுதூரம் தள்ளியும் நிற்கும். இதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

பகுத்தறிந்த பிறகு எழுதும் வாக்கியம் தமிழின் முறைப்படி அமைய வேண்டும். இலத்தீனில் அச்சத்துக்குரியவர் இரண்டாம் வேற்றுமையில் வந்தாலும், நாம் 'பழிக்கு அஞ்சு' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லிப் பழகியவர்கள்; ஆகவே, 'பரிசு கொண்டுவந்தாலும் கிரேக்கருக்கு அஞ்சுகிறேன்' என்றே நான் எழுதுவேன்.

இப்படிக்கு,
வாசகர்,
ஈசூன்